மண் இல்லாத வேளாண்மை, நிலம் இல்லாத மக்கள்: பாகூரிலிருந்து ஒரு பார்வை

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது வழக்கம். தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் நீர் பாகூர் ஏரியை நிரப்பி, அங்கிருந்து வயல்களுக்குப் பிரிகிறது. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த கல்விநிலையம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. நிலம் யாருக்கு உரியது என்று எழுதிவைக்கும் வழக்கம் இந்த மண்ணில் 9ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது. கொடுத்தவரும் பெற்றவரும் செப்பேட்டில் இடம்பெறுவர், உழுதவர் இடம்பெறுவதில்லை. ஏரி மதகைத் திறந்து நீரை வயல்வயலாகப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிப் பணியைத் தமிழ்நிலத்தின் பல ஊர்களில் தலித்துகளே செய்துவந்தனர். அந்த நீர் பாயும் நிலத்தில் அவர்களுக்குப் பங்கு இருக்கவில்லை.

இப்போது அதே மக்களிடம் ஒரு புதிய செய்தி வந்து சேர்கிறது. வேளாண்மைக்கு மண்ணே தேவையில்லை, நிலம் இல்லாதவரும் விவசாயி ஆகலாம் என்பதே அது. பயிற்சி முகாம்களிலும் காணொளிகளிலும் இதைக் கேட்டுவிட்டு வரும் கல்லூரி மாணவர்கள், சேரியின் மொட்டைமாடிகளில் குழாய் அமைத்துக் கீரை வளர்த்தால் நிலவுரிமைப் போராட்டத்தின் தேவையே குறைந்துவிடாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. விடை சொல்வதற்கு முன் அந்தத் தொழில்நுட்பம் எவ்வாறு இயங்குகிறது, எதைக் கோருகிறது, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

செடிக்கு மண் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வேரைப் பிடித்து நிறுத்துகிறது. நீரையும் சத்துகளையும் சேமித்து வைத்துத் தருகிறது. இந்த இரண்டையும் வேறு வழியில் செய்ய முடிந்தால் மண் இல்லாமலும் பயிர் வளரும். 1860களில் ஜெர்மானிய அறிஞர்கள் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் உப்புகள் கரைத்த நீரில் செடி வளர்த்து இதை நிறுவினர். ஆய்வுக்கூடத்தில் இருந்ததைச் சாகுபடி முறையாக 1929 முதல் முன்வைத்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரும் 1937இல் அவர் வழியாகவே பரவியது. இன்று வணிகப் பண்ணைகளில் பெரும்பாலும் காணப்படுபவை மூன்று முறைகள். சாய்வான குழாயில் மெல்லிய நீரோட்டத்தை விட்டு வேரை நனைப்பது ஒன்று. சத்துநீர்த் தொட்டியில் மிதக்கும் பலகையில் செடியை நிறுத்துவது மற்றொன்று. தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் செடியை வைத்துச் சொட்டுநீரில் சத்து கொடுப்பது மூன்றாவது. கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் முதலான உப்புகளும் இரும்பு உள்ளிட்ட நுண்சத்துகளும் நீரில் கரைக்கப்படுகின்றன. நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்க வேண்டும். உப்பின் செறிவை நாள்தோறும் அளக்க வேண்டும்.

கெரிக்கியின் அறிவிப்புகளால் எழுந்த பரபரப்பைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் ஏற்றனர். நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிட நீர்வழி முறையில் இயல்பாகவே அதிக விளைச்சல் கிடைத்துவிடாது என்பதே 1938இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னும், இம்முறையை விற்பவர்கள் ஹோக்லண்டின் சத்துக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். அவருடைய முடிவை மட்டும் சொல்வதில்லை.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. 1940களின் பிற்பகுதியில் வங்கத்தின் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் செய்த சோதனைகள் 'வங்க முறை' என்று பெயர்பெற்றன. விலையுயர்ந்த கருவிகளை விலக்கிவிட்டு, சரளையும் மணலும் எளிய தொட்டிகளும் கொண்டு எளியவர்களும் செய்யக்கூடிய முறையாக அதை அவர் வகுத்தார். 1951இல் நூலாகவும் வெளியிட்டார். முறை மலிவாக இருந்தும் அது மக்கள் வேளாண்மையாக மாறவில்லை. உப்புகளை வாங்கப் பணமும் விளைந்ததை விற்கச் சந்தையும் எவரிடம் இருந்தனவோ, அவரிடமே அது தங்கிப்போனது என்பது என் கணிப்பு.

நீடித்த வேளாண்மை என்ற அடைமொழிக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தை முன்வைத்து 2015இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு லெட்டூஸ் கீரையை எடுத்துக்கொண்டது. மண்ணில் ஒரு கிலோ விளைய ஏறத்தாழ 250 லிட்டர் நீர் தேவைப்பட, நீர்வழி முறையில் 20 லிட்டர் போதுமானதாக இருந்தது. ஓராண்டில் ஒரு சதுர மீட்டரில் கிடைக்கும் விளைச்சலும் ஏறத்தாழ பதினொரு மடங்கு. இந்த இரு எண்களும் எல்லா விளம்பரங்களிலும் வருகின்றன. அதே ஆய்வின் மூன்றாவது எண் வருவதில்லை: ஒரு கிலோவுக்குச் செலவாகும் ஆற்றல் 1,100 கிலோஜூலிலிருந்து 90,000 கிலோஜூலாக, அதாவது எண்பது மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. அந்தக் கணக்கு வெப்பமும் குளிரும் கட்டுப்படுத்தப்பட்ட கூடாரத்துக்கு உரியது. நிழல்வலைக் கூடாரத்தில் அவ்வளவு ஆகாது. ஆயினும் நீரில் மிச்சமாவது மின்கட்டணத்தில் திரும்பி வருகிறது என்ற அடிப்படை மாறாது.

பாகூருக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. புதுச்சேரியின் கடலோர நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவல் பதிவாகியுள்ளது. உவர்ப்பான கிணற்று நீரில் சத்து உப்புகளை மேலும் கரைத்தால் செறிவு எல்லை மீறும். முதலில் நீரைச் சுத்திகரிக்க வேண்டும், சுத்திகரிப்பில் வெளியேறும் உவர்நீரை எங்கேயாவது விட வேண்டும். மழைக்காலத்தில் வேறு வகைச் சோதனை வரும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்ததில் பாகூர் கொம்யூன் ஊர்களில் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் இல்லாத இரண்டு நாளை மண்ணில் நிற்கும் செடி தாங்கும். குழாயில் மெல்லிய நீரோட்டத்தை நம்பி நிற்கும் செடியோ மோட்டார் நின்ற சில மணி நேரத்தில் வாடத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாகூரில் விளைவது நெல். மண்ணில்லா முறையில் நெல்லை வளர்க்க முடியும். கட்டுப்படியாக விளைவிக்க முடியாது. வணிக அளவில் அதில் நிலைத்தவை கீரைகள், தக்காளி, குடமிளகாய், வெள்ளரி, ஸ்ட்ராபெரி போன்றவை. பாகூரில் லெட்டூஸ் கேட்டு வாங்குபவர் யார்? அது போய்ச் சேரும் இடம் புதுச்சேரி கடற்கரை ஒட்டிய உணவகங்களே. ஆகவே மரபான வேளாண்மைக்கு மாற்று என்ற பேச்சு இங்கே பொருந்தாது. நெல்வயல் கூடாரமாக மாறினால் நடவும் களையெடுப்பும் செய்து கூலி பெறும் தலித் பெண்களின் வேலைநாள்தான் முதலில் குறையும். அறுவடை இயந்திரம் ஏற்கெனவே ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டது.

மண்ணுக்குப் பதிலாக வரும் பொருளிலும் உழைப்பு இருக்கிறது. உலகின் பல பசுங்குடில்களில் பைகளில் நிரப்பப்படும் தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சி உள்ளிட்ட தமிழகத் தென்னைப் பகுதிகளிலிருந்தும் ஏற்றுமதியாகிறது. அதை அப்படியே பயன்படுத்த முடியாது. உப்பு நீங்கும்வரை நீர்விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழிவுநீரால் கிணறுகள் கெடுகின்றன என்ற புகார்கள் பெருகி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் நார்க்கழிவுத் தொழிலை மாசற்ற 'வெள்ளை' வகையிலிருந்து 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. நெதர்லாந்தின் தக்காளி மண்ணையும் நீரையும் மிச்சப்படுத்துகிறது என்றால், அந்தக் கணக்கில் பொள்ளாச்சிக் கிணறும் சேர வேண்டும்.

இனிச் சட்டம். 'விவசாயி' யார் என்ற கேள்விக்கு இந்திய அரசிடம் இரண்டு விடைகள் உள்ளன. 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, விவசாயக் கூலிகள், வாரதாரர், குத்தகைதாரர், கால்நடை வளர்ப்போர் ஆகிய அனைவரையும் விவசாயிகள் என்றே வரையறுத்தது. 2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் திட்டமோ ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலப்பதிவேட்டில் பெயருள்ள குடும்பங்களுக்கு மட்டுமே வழங்குகிறது. நாட்டில் வேளாண்மையை நம்பியுள்ள தலித்துகளில் பத்தில் ஏழு பேர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர்கள் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கொள்கையின்படி அவர்கள் விவசாயிகள். பணம் வரும் இடத்தில் அல்ல. புதுச்சேரி அரசின் கணினிமய நிலப்பதிவேட்டுக்கு 'நிலமகள்' என்று பெயர். அவளுடைய மக்கள் யார் என்பதை அதைத் திறந்து பார்த்தாலே அறியலாம்.

மண்ணில்லா வேளாண்மையும் இதே வாசலில்தான் நிற்கிறது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இயற்கைக் காற்றோட்டமுள்ள குழாய்ச் சட்டகப் பசுங்குடிலுக்கு, 500 சதுர மீட்டர் வரையில், சதுர மீட்டருக்கு 1,060 ரூபாய் செலவு எனக் கணக்கிட்டு அதில் பாதி மானியமாகத் தரப்பட்டது. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 12 சென்ட். மொத்தச் செலவு 5,30,000 ரூபாய்; மானியம் போக 2,65,000 ரூபாயை விண்ணப்பதாரர் திரட்ட வேண்டியிருந்தது. பல இடங்களில் மானியமும் பணி முடிந்து ஆய்வு நடந்த பிறகே வருவதால் முழுத் தொகையையும் முன்னதாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. 2025இல் திருத்தப்பட்ட நெறிமுறைகள் மண்ணில்லாச் சாகுபடியையும் ஆதரவுக்குரியதாகச் சேர்த்தன. ஆனால் விண்ணப்பத்துடன் கேட்கப்படுவது நில ஆவணம், அல்லது நீண்டகாலப் பதிவுக் குத்தகை. மனைப்பட்டாவாகக் கிடைத்த சில சென்ட்டில் வீடு கட்டி வாழும் குடும்பத்திடம் இரண்டும் இருக்காது. மண் தேவைப்படாத பயிருக்கும் பட்டா தேவைப்படுகிறது.

சட்டத்தால் இந்த இறுக்கத்தைத் தளர்த்த முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு வழக்கை நினைவூட்டலாம். வருமானவரிச் சட்டத்தில் வேளாண் வருமானம் என்றால் நிலத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். உழுதல், விதைத்தல் போன்ற அடிப்படைப் பணிகள் நிலத்தின் மீது நடந்திருக்க வேண்டும் என்று ராஜா பினய் குமார் சஹாஸ் ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், கட்டுப்படுத்தப்பட்ட கூடங்களில் அடுக்குத் தட்டுகளில் காளான் வளர்த்த இன்வென்டா இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் தன் வருமானமும் வேளாண் வருமானமே என்று வாதிட்டது. வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஐதராபாத் சிறப்பு அமர்வு 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. தட்டில் இட்ட மண்ணும் நிலத்தின் ஒரு வடிவமே என்பது அதன் காரணங்களுள் ஒன்று. தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. நிறுவனத்தின் வரிவிலக்குக்காகத் தட்டை நிலமாகக் காண முடிந்த சட்டம், கூலித் தொழிலாளியின் மானிய விண்ணப்பத்தில் அதே தட்டை ஏன் காண மறுக்கிறது என்று கேட்கும் உரிமை மட்டும் நமக்கு இருக்கிறது.

புதுச்சேரித் தலித்துகளின் நிலமின்மைக்குத் தனி வரலாறும் உண்டு. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி பறிபோனதும், மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தையொட்டிச் சுட்டுக்கொல்லப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவை. பாகூர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்த ஒதுக்கீடு இங்கு வரவேயில்லை. அருகிலுள்ள கடலூர் மாவட்டத்தில் மீட்பதற்கென்று ஒரு பஞ்சமி நிலத்தையாவது ஆவணத்தில் தேடலாம். பாகூரில் தேடவும் இல்லை. விடுதலைக்குப் பின் வந்த 1973ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமே இங்குள்ள முதன்மைக் கருவி. 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதியின் மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்.

இவ்வளவு சொன்ன பிறகும், மண்ணில்லா முறைகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தல்ல. கீரைக் குழாயைவிடச் சேரிக்குப் பொருத்தமான இரண்டு பயன்பாடுகள் உள்ளன. முதலாவது பசுந்தீவனம்.

பாகூர்ப் பகுதிச் சேரிகளில் ஆடோ மாடோ வைத்திருக்கும் பெண்கள் புல்லறுக்கச் செல்வது பிறர் வயல் வரப்புக்கு. வரப்பில் கால் வைக்க நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு விலை உண்டு: குறைந்த கூலிக்கு வேலை, அழைத்தபோது வந்து நிற்றல், வசைச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருத்தல், சில வேளைகளில் அதைவிடக் கொடியவை. பஞ்சாபில் ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. சங்ரூர் மாவட்டத்தில் 2014 முதல் சமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி அந்தப் பங்கைக் கூட்டாகப் பெறப் போராடி வருகிறது. அங்கே பெண்கள் முன்னணியில் நின்றதற்குச் சொன்ன காரணங்களுள் முதன்மையானது, ஜாட் சாதியினரின் வயலுக்குத் தீவனம் அறுக்கப் போக வேண்டியதில்லை என்பதே. தீவனம் என்பது மானம் சார்ந்த பொருள் என்பதை நாமும் உணர வேண்டும்.

மக்காச்சோள விதையை ஊறவைத்து, முளைகட்டி, துளையிட்ட தட்டுகளில் பரப்பி, நிழலில் நாளுக்குப் பலமுறை நீர் தெளித்தால் ஏழெட்டு நாளில் பசுந்தீவனப் பாய் தயாராகும். மண்ணும் உரமும் வேண்டியதில்லை. மூங்கில் சட்டகமும் நிழல்வலையும் பூவாளியும் போதும். வீட்டின் பக்கச் சுவரே இடம். ஒரு கிலோ விதை ஐந்தாறு கிலோ தீவனமாகும் என்பது உண்மை. ஆனால் அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ விதையில் ஏறத்தாழ 900 கிராம் உலர்பொருள் இருக்கிறது. முளைத்து வந்த தீவனத்தில் இருப்பது அதைவிடக் குறைவு, ஏனெனில் முளைக்கும் விதை தன் மாவைத் தானே எரித்துக்கொள்கிறது. ஆகவே இது தீவனத்தைப் பெருக்கும் மாயம் அல்ல. வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்குப் பசுமையும் உயிர்ச்சத்தும் தரும் துணைத் தீவனம். விதை விலை ஏறினால் கணக்கு இடிக்கும். பூஞ்சை பிடித்த தட்டைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்; அதை மாட்டுக்குக் கொடுத்தால் நோய் வரும். இவற்றை அறிந்து, வரப்புக்குப் போகும் நாள்களைக் குறைக்கும் அளவில் பயன்படுத்தினால் அதுவே பெரிது. பால் விற்பனையிலும் விழிப்பு தேவை. 11 மாநிலங்களில் 565 ஊர்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூல், ஏறத்தாழ பாதி ஊர்களில் தலித்துகள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் விற்பதில் தடையைச் சந்தித்ததாகப் பதிவு செய்கிறது.

இரண்டாவது சிப்பிக்காளான். அதற்கு மூலப்பொருள் வைக்கோல். பாகூரில் அதற்குக் குறைவில்லை. நறுக்கிய வைக்கோலை ஊறவைத்து, வெந்நீரில் நுண்ணுயிர் நீக்கி, ஈரம் வடித்து, காளான் வித்துடன் பைகளில் அடுக்கி இருட்டறையில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் வெண்பூசணம் பரவும். பின் காளான் அரும்பும். சித்திரை, வைகாசி வெயிலில் கூரைக் கொட்டகை தாங்காது என்பதால் அந்த மாதங்களை விட்டுவிடுவது நல்லது. குரும்பாப்பேட்டையிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை மகளிர் குழுக்கள் இதற்காக அணுகலாம்.

அம்பேத்கர் 1918இல் எழுதிய சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரையில், ஒரு நிலம் கட்டுப்படியாகுமா என்பதை அதன் பரப்பளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதனுடன் சேரும் முதலும் உழைப்பும் கருவியுமே தீர்மானிக்கின்றன என்று வாதிட்டார். பன்னிரண்டு சென்ட் கூடாரம் அந்த வாதத்துக்கு நல்ல சான்று. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அவர் அடுத்த அடி வைத்தார்: நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பாராமல் ஊராருக்குக் கூட்டுப் பண்ணையாகத் தரப்பட வேண்டும், முதலையும் அரசே தர வேண்டும். மண்ணில்லா வேளாண்மையைத் தலித் இளைஞர்களிடம் கொண்டுசெல்வோர் 1918ஆம் ஆண்டு அம்பேத்கரோடு நின்றுவிடுகிறார்கள்.

கோரிக்கையாக இதை எப்படி முன்வைப்பது? ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன ஜக்பால் சிங் வழக்கில் (2011) உச்சநீதிமன்றம், நிலமற்ற கூலிகளுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ அரசு அறிவிக்கையின்படி தந்த குத்தகையை விதிவிலக்காக ஏற்றது. ஆகவே புறம்போக்கில் சில சென்ட்டைத் தலித் மகளிர் குழுவின் பெயரில் குத்தகைக்குக் கேட்பது சட்டத்துக்கு உட்பட்டதே. நீர்நிலைப் புறம்போக்கைக் கேட்கக் கூடாது. அதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை, ஏரி நமக்கும் தேவை. மூலதனத்துக்குப் பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதியும் புதுச்சேரி ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமும் உள்ளன. தோட்டக்கலை மானியத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் பயன்பெற்றனர், நில ஆவணம் இல்லை என்று எத்தனை விண்ணப்பங்கள் திருப்பப்பட்டன என்று கொம்யூன் வாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'நிராகரிப்பு இல்லை' என்று பதில் வந்தால் ஏமாற வேண்டாம். ஆவணம் இல்லாதவரின் விண்ணப்பம் பெரும்பாலும் மேசைக்கு முன்னாலேயே வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்படுகிறது. எனவே விண்ணப்பத்தை விரைவஞ்சலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

கூடாரம் அமைந்த பிறகு யாராவது தண்ணீர்க் குழாயை வெட்டினாலோ தட்டுகளைச் சிதைத்தாலோ, அதை வெறும் சொத்துச் சேதமாகப் பதிவு செய்ய விடாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவு நிலத்தோடு நில்லாமல் வளாகம், நீர், பாசன வசதி ஆகியவற்றின் மீதான உரிமையில் குறுக்கிடுவதையும் பயிரை அழிப்பதையும் குற்றமாக்குகிறது. தட்டில் வளர்ந்ததும் பயிர்தான் என்று புகார் மனுவிலேயே எழுதுங்கள்.